மேகமலைக் காற்றும் ராவுத்தரின் படுதாவும்

என் தங்கை பூரணத்தை அவள் புருஷனிடம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். வேலை அவ்வளவுதான். மாப்பிள்ளை தம்பிராசா அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியாக இருந்தவர். அங்கே இருந்த துரை இந்தியாவில் மேகமலை என்ற இடத்துக்கு மாறிப் போனபோது இவரையும் கையோடு கூட்டிப் போய்விட்டார். கலியாணத்துக்கு ஊருக்கு வந்தவர், தாலி கட்டிய களைப்பு ஆறுமுன்னே, தோட்டத்தில் காய்ச்சல் பரவுகிறது என்று தந்தி வந்து கப்பல் ஏறிவிட்டார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று பூரணத்தைக் கேட்டால், "மாலை மறைச்சுப்போட்டுது அண்ணை" என்பாள்.

எங்களுக்கு ஊர்காவற்றுறை. தோணி ஓட்டந்தான் பிழைப்பு. சிறு வயதிலிருந்தே நாகப்பட்டினத்துக்கும் ஊருக்குமாகத் தோணியில் போய் வந்தவன் என்பதால், எனக்கு இந்தியா அத்துபடி என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நாகப்பட்டினத்துச் சுங்க வாசலும் அதற்கு எதிரே இருந்த இட்லிக் கடையுந்தான் எனக்குத் தெரிந்த இந்தியா. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

தேனி ஸ்டேஷனில் இறங்கிய கையோடு என் சால்வை போய்விட்டது. எடுத்தது காற்று. பிளாட்பாரத்தைத் தாண்டிப் பறந்த சால்வை, வாசலில் நின்ற குதிரைவண்டியின் கூண்டில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டிக்காரர் அதை உதறி மடித்துக் கொடுத்தார்.

"ஆனி பொறந்தா இப்பிடித்தான்யா. கம்பத்துக் கணவாய் வழியா வருது. இனி ஆவணி வரைக்கும் வேட்டிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்."

"பெரிய உபகாரம். நல்ல சாப்பாட்டுக் கடை எங்கை இருக்குதெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலையாளத்துலருந்து வாரீகளா?"

இல்லை, யாழ்ப்பாணம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் கடைவாசலில் எங்களை இறக்கிவிட்டபோது உள்ளே பார்த்து, "மலையாளத்து ஆளுக வந்திருக்காக, நல்லாக் கவனிங்க" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனார். கவனித்தார்கள். பரிமாறியவர் நல்லெண்ணத்தோடு மலையாளத்திலேயே எங்களிடம் பேசினார். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்றுதான் கேட்டாராம். பக்கத்து இலைக்காரர் பிறகு சொன்னார். விளங்காமல் நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதில் அரைவயிற்றோடு எழும்ப வேண்டியதாயிற்று. கை கழுவப் போகும்போது பரிமாறியவர் முதலாளியிடம் சொன்னது காதில் விழுந்தது: "மலையாளந்தேன். ஆனா வேற ஏதோ சில்லா மலையாளம்."

பூரணம் இலையில் மீனைத் தேடிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து போனாள். தேங்காய் எல்லாத் தோப்பிலும் காய்த்துத் தொங்குகிறது. ஒருவருக்கும் அதைச் சம்பலாக இடித்துத் தரத் தோன்றவில்லை. சட்னியாம். தண்ணீராக ஊற்றினார்கள். ஆனால் இட்லியை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் அப்படி ஓர் இட்லி கிடைத்தால் நான் தோணியை விட்டுவிட்டு இட்லிக் கடைவாசலிலேயே குந்தியிருப்பேன்.

மறுநாள் சின்னமனூருக்கு பஸ். பக்கங்களில் கண்ணாடி கிடையாது, கித்தான் திரைதான். கூரைமேல் வெற்றிலைக் கூடைகளை, வெறுங்கூடைகளை, கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள். தேனியை விட்டதும் இரண்டு பக்கமும் பச்சை. பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். தென்னைகள் எல்லாம் ஒரே திசைக்குச் சாய்ந்து நின்றன. என்ன அழகு என்று நான் வாய் திறப்பதற்குள் கூரைமேல் சடசடவென்று சத்தம். கூடைகள் வயலுக்குள் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன.

டிரைவர் வண்டியை நிறுத்திப் பீடி பற்ற வைத்தார். பிரயாணிகள் எல்லோரும் ஏதோ தினமும் செய்கிற காரியம் போல இறங்கிக் கூடைகளைத் துரத்தினார்கள். நானும் ஒன்றைத் துரத்தினேன். என் கூடைக்கு மற்றக் கூடைகளைவிட வேகம் கூட. வரப்பு, வாய்க்கால், ஒரு எருமை எல்லாவற்றையும் தாண்டி அதைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தால், பஸ் போய்க்கொண்டிருந்தது. பூரணம் கித்தானை விலக்கிக்கொண்டு கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது.

கொஞ்ச தூரம் போய் நின்று, பின்னோக்கியே வந்து சேர்ந்தார்கள். எனக்காகத்தான் வந்தார்கள் என்று நினைத்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் என் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு, கூரைமேல் கூடை எண்ணிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "ஒண்ணு கொறையுதுன்னியேப்பா, இந்தா இருக்கு" என்றார்.

சின்னமனூரில் மூன்று பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு பேரை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார்: தோட்டத்தில் வேலை செய்கிற வீரணனும் அவன் மனைவி காமாட்சியும். வீரணன் நெடுநெடுவென்று இருந்தான்; பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்துக் காமாட்சி பேசினாள். "கம்பவுண்டரய்யா தானே வாரேன்னுதான் சொன்னாக. காய்ச்சக்காரக நெறையக் கெடக்காக, விட்டுட்டு வர முடியல. பொண்ண பத்தரமாக் கூட்டியாங்கன்னு எங்கள அனுப்புனாக, தாயி" என்று பூரணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் அப்போதிக்கரி, மலையில் கம்பவுண்டர். பூரணம் அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாமவர் மீரான் ராவுத்தர். உத்தமபாளையத்துக்காரர். உப்பும் அரிசியும் மிளகாயும் இரண்டு பொதிமாடுகளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கடைத்தெருவுக்குப் போய் வருகிறவர். நரைத்த தாடி, பருத்த உடம்பு, நல்ல குரல். வழித்துணைக்குச் சேர்ந்துகொண்டார். அன்று மாலை காமாட்சி கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டாள். களி எனக்குத் தொண்டையில் இறங்க மறுத்தது. பூரணமோ கருவாட்டு வாசம் வந்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அண்ணை, இது நல்ல ஊர்" என்றாள்.

அடுத்த நாள் மலை. அடிவாரம் வரை மாட்டுவண்டி, அதற்கப்புறம் கால்கள்தான். வீரணன் பூரணத்தின் தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டான். அதற்குள்தான் அவளுடைய கலியாணக் கூறைச் சேலை உட்பட எல்லாச் சேலைகளும் இருந்தன. முட்புதர்க் காடு, பிறகு பெருமரக் காடு. காட்டுக்குள் காற்றே இல்லை. ஆனால் உச்சிக் கிளைகளில் கடல் இரைகிற மாதிரி ஓர் இரைச்சல் மட்டும் விடாமல் கேட்டது. பூரணத்தின் கணுக்காலில் அட்டைகள் ஏறின. அலறப் போகிறாள் என்று பார்த்தேன். காமாட்சி சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததும் அட்டை சுருண்டு விழுவதைப் பார்த்து, சுண்ணாம்பு டப்பியைத் தானே வாங்கிக்கொண்டு எல்லோர் காலையும் சோதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கிய இடத்தில்தான் அந்த இரைச்சல் என்ன என்று தெரிந்தது. முதல் அடி வைத்ததும் காற்று என்னை ஒரு பக்கமாகத் தள்ளியது. மழை மேலிருந்து விழவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து முகத்தில் அடித்தது. மேகம் புல்லோடு புல்லாக உருண்டு போனது. இந்த மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் வேலையாட்கள் குடியிருக்கிற லயன் வீடுகள், பிறகு தோட்டம் என்றாள் காமாட்சி. மேடு கண்ணெதிரே இருந்தது. எங்களால் தாண்ட முடியவில்லை. ஒரு பொதிமாடு படுத்துவிட்டது. பூரணம் எழுந்து நடந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். திரும்பி இறங்கலாம் என்று ராவுத்தர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் கல்லில் கால் வைத்துத் தாண்டி வந்த ஓடை, இப்போது செந்நிறமாகப் பொங்கிக் கிடந்ததாம்.

மேட்டுக்குக் கீழே தட்டு மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அதில் ஒதுங்கினோம். "படுதா இருக்கு. கூடாரம் போட்டு உள்ள உக்காந்திருப்பம். காத்து அடங்குனதும் போவம்" என்றார் ராவுத்தர். பொதியின்மேல் மழைக்குப் போர்த்தியிருந்த கித்தான் அது. எங்கள் ஊரில் படங்கு என்போம். பொதியோடு வந்த இரண்டு மூங்கில்களை நட்டுக் குறுக்கே கயிறு கட்டி, படுதாவை வீட்டுக் கூரை மாதிரிப் போட்டோம். நானும் சேர்ந்துதான் கட்டினேன். உள்ளே நின்று பார்க்க நன்றாகவும் இருந்தது. ராவுத்தர் தாடியைப் பிழிந்துகொண்டு, "அல்லா காப்பாத்துனான்" என்று உட்காரப் போனார்.

படார் என்று ஒரு சத்தம். தலைக்கு மேலே வானம் தெரிந்தது. கயிற்று நுனி ராவுத்தரின் கன்னத்தில் கோடு போட்டுவிட்டு ஓடியது. படுதா ஒரு பெரிய பறவை மாதிரிச் சரிவில் எழும்பி எழும்பிப் போனது. நாங்கள் திறந்த வாய் மூடுமுன் வீரணன் அதன் பின்னால் பாய்ந்துவிட்டான். சரிவில் வழுக்கி, ஓடைக்குள் விழுந்து, இடுப்பளவு தண்ணீரில் அதைப் பிடித்து, முதுகில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறி வந்தான். மேலே போர்த்தியிருந்த கம்பளியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. முழங்காலில் இரத்தம். படுதாவை எங்கள் முன் போட்டுவிட்டுச் சிரித்தான். நாங்கள் படுதாவைத்தான் பார்த்தோம், அவனைப் பார்க்கவில்லை.

காற்றோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புதிதில்லை. கடலில் எத்தனையோ தடவை. புயல் வந்தால் பாயை இறக்குவோமே தவிர ஏற்ற மாட்டோம். நாங்கள் சற்றுமுன் செய்தது, புயலில் பாய் விரித்த வேலை.

"ராவுத்தர், இதைக் கூடாரமெண்டு நினைச்சால் பறக்கும். தாழ்த்திக் கட்டுவம். காத்து வாற பக்கத்து விளிம்பு நிலத்திலை ஒட்டியிருக்க வேணும். மற்றப் பக்கம் மட்டும் கொஞ்சம் தூக்குவம். காத்து மேலாலை வழுக்கிக்கொண்டு போகட்டும்."

"அம்புட்டுத் தாழ்த்துனா எப்பிடித் தம்பி உக்கார்றது?"

"இருக்கேலாது. படுக்கத்தான் வேணும்."

"பேச்சு முக்காவாசி வெளங்கல. ஆனா சரின்னு படுது" என்று ராவுத்தர் மூங்கிலைக் குட்டையாக வெட்டக் கத்தியை எடுத்தார்.

படுதாவின் மூலைத் துளைகள் கிழிந்து போயிருந்தன. கயிறு கட்ட இடமில்லை. அதற்குத் தோணியில் ஒரு வழி உண்டு. உருண்டையான கல் ஒன்றைத் துணிக்குள் வைத்து, வெளியே அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டால், துணி கிழிந்தாலொழியக் கயிறு நழுவாது. நான்கு மூலையிலும் அப்படிக் கட்டினேன். இனி முளை அடிக்க வேண்டியதுதான். மூங்கிலைக் கூராக்கி அடித்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. இழுத்தால் அதே சுகத்தில் வெளியே வந்தது. கறுத்த மண், நன்றாக ஊறிப் போயிருந்தது.

அந்தக் காற்றிலும் காமாட்சி சிரித்தாள். "அய்யா, இது ஒங்க கடக்கரை இல்ல. இங்கன முளை நிக்காது. கட்டையப் பொதைக்கணும். எங்க லயத்துக் கூரையெல்லாம் அப்பிடித்தான் நிக்குது." அரிவாளால் ஒரு குழி பறித்தாள். கை நீளக் கட்டை ஒன்றைக் குறுக்கே கிடத்தி, அதன் நடுவில் கயிற்றைக் கட்டி, மண்ணைத் தள்ளி, மேலே கல்லைப் போட்டு மிதித்தாள். நான் கயிற்றைப் பிடித்து உடம்பு முழுவதையும் போட்டு இழுத்தேன். அசையவில்லை. நான்கு மூலைக்கும் கட்டை புதைத்தோம்.

காற்றுப் பக்கத்து விளிம்பை அமுக்கப் பாரம் வேண்டும். அரிசி மூட்டைகளை உருட்டினோம். போதவில்லை. மிச்சம் இருந்தது உப்பு மூட்டைகள். ராவுத்தர் அவற்றில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "இங்கன வச்சா கரைஞ்சு போகுமே" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு மூட்டையைத் தோளால் முட்டி உருட்டிக்கொண்டே, "கரையட்டும். நாம இருந்தா வேற உப்பு வாங்கிக்கிறலாம்" என்றார். மாடுகளை அவிழ்த்து மரங்களின் மறைவுக்குத் துரத்தினார். நாங்கள் புல்லை அறுத்து உள்ளே தடிப்பாகப் பரப்பினோம். சுற்றிலும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டு ஒவ்வொருவராகத் தவழ்ந்து நுழைந்தோம். மேலே படுதா இறுகி நின்றது. காற்று அதன் முதுகில் உராய்ந்துகொண்டு போனது. நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

"அண்ணை" என்றாள் பூரணம். "இந்த மனுசனுக்குச் சரியில்லை."

வீரணன் கடைசியாக நுழைந்து ஓரத்தில் கிடந்தான். முதலில் பல்லடிக்க நடுங்கிக்கொண்டிருந்தவனிடம் இப்போது நடுக்கத்தையே காணவில்லை. அது நல்லதற்கு என்றுதான் நான் எண்ணினேன். அவன் காமாட்சியைப் பார்த்து, "மாட்ட அவுத்து விடு புள்ள. தண்ணி காட்டணும், வெயிலு ஏறுது" என்றான். நாக்குக் குழறியது. எழுந்து வெளியே போகப் பார்த்தான்.

காமாட்சியின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏய்யா, இந்தாருங்க, இங்கன பாருங்க. நாந்தேன்" என்று அவன் கன்னத்தைத் தட்டினாள். "அய்யோ, ஐஸுக்கட்டி மாதிரி இருக்காரே. போன வருசம் எங்க லயத்துல ஒருத்தரு இப்பிடித்தான் நடுக்கம் நின்னு போயி ஒளறுனாரு, தாயி. விடியல அவருக்கு."

எங்கள் உடுப்பு எல்லாமே நனைந்திருந்தது. உலர்ந்த துணி அந்தத் தகரப் பெட்டி ஒன்றில்தான் இருந்தது. பூரணம் தாலிக்கொடியோடு சேர்த்து முடிந்திருந்த சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். "ஈரத்தைக் கழட்டிப்போட்டு இதாலை சுத்துங்கோ" என்று சேலைகளை அள்ளி என்னிடம் போட்டாள். முதலில் வந்தது நூல் சேலைகள். கடைசியில் கூறை. சிவப்பும் பொன்னுமாக அந்த மங்கலிலும் அது மின்னியது. நான் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"என்னத்தைப் பார்க்கிறியள்? பட்டுத்தான் நல்லாச் சூடு பிடிக்கும். கெதியாச் சுத்துங்கோ."

பெண்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ராவுத்தரும் நானும் அவனைத் துடைத்து, சுற்றினோம். தலையிலிருந்து கால்வரை மணப்பெண் மாதிரி ஆகிவிட்டான். ராவுத்தர் தன் பருத்த உடம்போடு அவன் ஒரு பக்கத்தில் ஒட்டிப் படுத்தார், மறுபக்கம் நான். காமாட்சி அவன் பாதங்களைத் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள். பூரணம் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியைக் கடித்து உடைத்து, சிறு துண்டாக அவன் வாயில் வைத்துக் கரையக் கரையக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று கொஞ்சம் திசை மாறியது. கால்மாட்டு மூலை படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கயிறு புதைத்த கட்டையில் இருந்தாலும் அந்த விளிம்புக்கு மேலே பாரம் இல்லை. ஒரு தடவை நன்றாக ஊதிப் பிடித்தால் முழுப் படுதாவும் போய்விடும். அது போனால் வீரணனும் போவான். வெளியே ஓடிக் கையால் அமுக்கிப் பிடித்தேன். கை மரத்துப் போயிற்று. எத்தனை நேரம் பிடிக்க முடியும்?

உள்ளேயிருந்து பூரணத்தின் குரல் வந்தது. "சீலை அவருக்கு, பெட்டி காத்துக்கு! கல்லைப் போட்டு நிரப்புங்கோ அண்ணை!"

வெறும் தகரப் பெட்டி என் காலடியில் வந்து விழுந்தது. பின்னாலேயே அவளும் தவழ்ந்து வந்தாள். இருவருமாகக் கல் பொறுக்கினோம். நனைந்த கூந்தல் முகத்தில் ஒட்ட, அவள் கல்லைத் தூக்கித் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தாள். மூடி மடங்கிப் போயிற்று. பெட்டியை இழுத்து அந்த மூலையின் மேல் ஏற்றினோம். படபடப்பு நின்றது. உள்ளே போய் விழுந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. "அவர் இந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்டால் நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றாள்.

இருட்டத் தொடங்கிய பிறகுதான் காமாட்சி திடீரென்று கத்தினாள். "நடுங்குறாரு! தாயி, நடுங்குறாரு!" ஒருவன் நடுங்குவதற்காக நான்கு பேர் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நடுக்கம் வந்ததும் பேச்சும் தெளிந்தது. வீரணன் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு சீல?" என்றான். ராவுத்தர், "பேசாமப் படு. ஒனக்குத்தான் கலியாணம்" என்றார். இரவைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ராவுத்தர் படுத்தபடியே தொழுதார். பிறகு குறட்டை விட்டார். காற்றா குறட்டையா என்று தெரியாமல் நான் பலமுறை பயந்து எழும்பினேன்.

காலையில் மழை விட்டிருந்தது. காற்றும் பாதியாகியிருந்தது. ராவுத்தர் மாடுகளைத் தேடிப் போனார். நானும் பெண்களும் பள்ளத்தின் ஓரத்தில் ஈரச் சுள்ளிகளைப் பற்றவைக்கப் போராடிக்கொண்டிருந்தோம். அப்போது மேட்டின்மேல் ஓர் ஆள் தோன்றினார். மழைக்கோட்டு, கையில் அணைந்துபோன லாந்தர், தோளில் மருந்துப் பை. எங்களை அவர் கவனிக்கவில்லை. கண் படுதாவிலேயே இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு இறங்கி வந்து, நேரே அதற்குள் தவழ்ந்து நுழைந்துவிட்டார்.

மாப்பிள்ளை தம்பிராசாதான். கூப்பிட நான் வாய் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து தழுதழுத்த குரல் கேட்டது.

"பூரணம்... பயந்து போனீரோ? நான் வந்திட்டன். இனி ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாம்."

படுதாவுக்குள் ஏதோ புரண்டது. பிறகு கூறைக்குள்ளிருந்து கரகரத்த குரலில் பதில் வந்தது.

"நான் வீரணனுங்க, கம்பவுண்டரய்யா."

பூரணம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். காமாட்சி திணிக்கவில்லை, மலை எதிரொலிக்கச் சிரித்தாள். மாப்பிள்ளை வெளியே தலையை நீட்டினார். முகம் கூறையைவிடச் சிவந்திருந்தது. ஆனால் மனுசன் நல்ல வைத்தியர். வெட்கப்படுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி உள்ளே போய் வீரணனின் நாடியைப் பிடித்தார், நெஞ்சைக் கேட்டார், விரல் நுனிகளைப் பார்த்தார். வெளியே வந்தபோது வெட்கம் போய்விட்டிருந்தது.

"மச்சான், இதை ஆர் செய்தது? ஈரத்தைக் கழட்டி, பட்டைச் சுத்தி, இனிப்புக் குடுத்து?"

"உங்கடை பெண்சாதி."

அவர் அவளைப் பார்த்தார். அவளும் எழுந்து நின்று அவரைப் பார்த்தாள். அவர் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, "இப்ப முகம் வடிவாத் தெரியுது" என்றாள். நான் சுள்ளி பொறுக்கக் கொஞ்சம் தூரம் போனேன்.

மேட்டைத் தாண்டினால் தேயிலை. எங்கள் அட்டன் மாதிரிதான். ஆனால் அட்டனில் தேயிலைக்கு நடுவே ரயில் கூவும், இங்கே காற்று மட்டும். வீரணனை ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். ராவுத்தரின் உப்பு மூட்டைகள் பாதி இளைத்துப் போயிருந்தன. கடைத்தெருவில் அவர் அந்தக் கதையை ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். மூன்றாவது கடையில் படுதா பறந்தபோது அவரும் கூடவே கொஞ்சம் பறந்ததாகக் கேள்வி. ஆஸ்பத்திரி வாசலில் பூரணத்தின் சேலைகள் காய்ந்தன. கூறையின் கரையில் புல்லின் கறை பிடித்துவிட்டது. வேறு கூறை எடுக்கலாம் என்றார் மாப்பிள்ளை. அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

நான் அங்கே தங்கிய நாள்களில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காமாட்சி காட்டுக் கீரையும் ஓடை மீனும் கொண்டுவருவாள். பூரணம் அதில் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். காமாட்சி ஒரு வாய் வைத்துப் பார்த்து, "ஒறைக்கவே இல்லையே தாயி, பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி இருக்கு" என்றாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் கேட்டு வந்தாள். காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சும் வேலையைப் பூரணம் தானே எடுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், யாருக்கு எந்த மருந்து என்று மாப்பிள்ளை அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். இனி எனக்கு அங்கே வேலையில்லை.

புறப்படும் நாளில் ராவுத்தர் வெறும் மாடுகளோடு முன்னால் போனார். வீரணன் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தே தீருவேன் என்று நின்றான். மேடுவரை மட்டும் என்று மாப்பிள்ளை அனுமதி கொடுத்தார். மேட்டின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கீழே ஆஸ்பத்திரி வாசலில் பூரணம், சின்னதாகத் தெரிந்தாள். என்னைக் கண்டுவிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து ஏதோ கத்தினாள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. ஒரு சொல்லும் எனக்கு வந்து சேரவில்லை. மறுபடியும் கத்தினாள்.

"ஓம்! ஓம்!" என்று நான் கையை வீசிப் பதில் சொன்னேன்.

வீரணன் என்னைப் பார்த்தான். "என்னய்யா சொன்னாக?"

"ஒண்டும் கேக்கேல்லை."

"பெறகு எதுக்கு ஓம் ஓம்ங்கிறீக?"

"எங்கடை ஊரிலை ஓமெண்டால் சரியெண்டு அர்த்தம். என்ன கேட்டிருந்தாலும் சரிதானே."

அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, மேட்டு விளிம்புக்குப் போய், அத்தனை நாளும் நான் கேட்டிராத பெரிய குரலில், கீழே நின்ற என் தங்கையைப் பார்த்து, "ஓம்!" என்று கத்தினான்.